ஆள் வந்தால் எரியும் விளக்கு: மோஷன் சென்சார் தேர்ந்தெடுக்கும் வழி

கடையில் போய் மோஷன் சென்சார் என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளைக் குமிழ் வைத்த ஒரு டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள். அது நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் படிக்கட்டுக்குப் பொருந்துவது குளியலறைக்குப் பொருந்தாது. போர்டிகோவில் ஒழுங்காக வேலை செய்வது, தெருவைப் பார்த்த காம்பவுண்டு வாசலில் இரவெல்லாம் எரிந்து எரிந்து அணையும். "சென்சார் எல்லாம் வேலைக்கு ஆகாது" என்று கழற்றிப் போட்டவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால், பொருளில் குறை இருப்பது அபூர்வம். மாட்டிய இடம்தான் தவறாக இருக்கும். அதனால் எந்த கம்பெனி, என்ன விலை என்பதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இடம்.

முதல் படி: இரவில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

ஒரு தாளும் பேனாவும் போதும். இருட்டிய பிறகு, வழக்கமாக நடக்கும் வழிகளில் நடந்து பாருங்கள். சுவிட்ச் தேடிச் சுவரைத் தடவும் இடங்கள் எவை, கையில் சாமானோடு வரும்போது விளக்கு போட முடியாத இடங்கள் எவை, போட்டுவிட்டு அணைக்க மறக்கும் இடங்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் படிக்கட்டு, போர்டிகோ, படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழி, ஸ்டோர் ரூம், கொல்லைப்புறம், மொட்டை மாடிக் கதவு என்று பட்டியல் வரும்.

ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள். ஆள் எந்தத் திசையிலிருந்து வருகிறார், அங்கே நடந்து கடக்கிறாரா அசையாமல் உட்காருகிறாரா, சுற்றிலும் சூடான அல்லது ஆடுகிற பொருள் ஏதாவது உண்டா. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

ஹாலுக்கும் படுக்கையறைப் பெரிய விளக்குக்கும் சென்சார் வேண்டாம் என்பதே என் கருத்து. புத்தகம் படிக்கும்போது அணைந்துபோவதும், நள்ளிரவில் ஒருவர் புரண்டு படுத்ததும் அறை முழுக்க வெளிச்சம் பாய்வதும் யாருக்கும் பிடிக்காது.

மின்கட்டணம் குறையும் என்ற எதிர்பார்ப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு மாலை 6 முதல் காலை 6 வரை எரிந்தால் ஒரு நாளுக்கு 108 வாட் மணி, ஆண்டுக்குச் சுமார் 39 யூனிட். சென்சார் வைத்து அது ஒரு மணி நேரமே எரிகிறது என்று கொள்வோம். சென்சாரும் நாள் முழுக்க அரை வாட் போல எடுத்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 8 யூனிட்டுக்குள் வரும். மிச்சம் ஏறக்குறைய 32 யூனிட். அதுவே 50 வாட் ஃப்ளட் லைட் என்றால் மிச்சம் 190 யூனிட்டைத் தாண்டும். ஆக, வெளியே இருக்கும் பெரிய விளக்குக்குச் சென்சார் பணம் மிச்சம் செய்யும். உள்ளே இருக்கும் சிறிய விளக்குக்கு அது தருவது பாதுகாப்பும் வசதியும்தான். வயதானவர் இருட்டில் தடுக்கி விழாமல் இருப்பதற்கு அந்த 32 யூனிட் கணக்கே தேவையில்லை.

இரண்டாம் படி: எந்த வகை

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை. குமிழ் வைத்தது பிஐஆர். குமிழ் இல்லாமல் தட்டையாக இருப்பது பெரும்பாலும் மைக்ரோவேவ், கடைக்காரர்கள் ரேடார் என்பார்கள்.

பிஐஆர் தானாக எதையும் அனுப்புவதில்லை. நம் உடலிலிருந்து எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டிருக்கிறது. குமிழில் தெரியும் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். அவை எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்பு போலப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நாம் கடக்கும்போது உள்ளே விழும் வெப்பம் ஏறி இறங்குகிறது. அந்த மாற்றத்தைத்தான் சென்சார் ஆள் என்று எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து நான்கு நடைமுறை உண்மைகள் கிடைக்கின்றன. அசையாமல் உட்கார்ந்தால் பிஐஆருக்கு நீங்கள் அங்கே இல்லை. சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் பட்டைகளைக் கடப்பது குறைவு, அதனால் தாமதமாகவே கண்டுபிடிக்கும். குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, ஆகவே ஜன்னலுக்குப் பின்னாலோ கண்ணாடிக் கூண்டுக்குள்ளோ வைத்தால் பயனில்லை. நான்காவது நம் ஊருக்கு முக்கியமானது: தோலின் வெப்பமும் சுற்றுப்புற வெப்பமும் நெருங்கிவிட்டால் வித்தியாசம் மங்கிவிடும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மாலையில் சுவரெல்லாம் அனல் கக்கும்போது, பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருக்கும் சென்சார் அவ்வளவு தூரம் எட்டாது. கோடையை மனதில் வைத்து, தேவையைவிடக் கூடுதல் தூரம் எட்டும் மாதிரியை வாங்குங்கள்.

ரேடார் வகை தானே அலை அனுப்பி, திரும்பி வருவதில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறது. விளக்குகளுக்கு வருபவை பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. வெயில் சூடு இதைப் பாதிக்காது, சின்ன அசைவையும் பிடிக்கும், நேராக வந்தாலும் பிடிக்கும். ஆனால் கண்ணாடி, மரக்கதவு, ஃபால்ஸ் சீலிங் பலகை, மெல்லிய தடுப்பு எல்லாவற்றையும் ஊடுருவிவிடும். அடுக்கு மாடி வீட்டில் உள்ளே மாட்டினால் வெளியே வராந்தாவில் போகிறவருக்கும் உங்கள் விளக்கு எரியலாம். சுற்றுகிற சீலிங் ஃபேன், ஆடுகிற திரை, மழை, சில நேரம் பிளாஸ்டிக் குழாயில் ஓடும் தண்ணீர்கூட அதற்கு அசைவுதான். எனவே வெளியே திறந்த இடத்தில் ரேடாரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாலுபுறமும் கனமான செங்கல் சுவர் உள்ள மாடிப்படி, அடித்தளக் கார் நிறுத்தம், ஃபேன் இல்லாத நீண்ட நடை ஆகியவற்றுக்கு அது மிக நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவதாக, மில்லிமீட்டர் அலை சென்சார் என்று 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வகை ஒன்று வந்திருக்கிறது. மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூடப் பிடித்துவிடும் என்பதால், அசையாமல் உட்காரும் படிப்பறைக்கு ஏற்றது. விலை கூடுதல், அமைப்புகளும் அதிகம், ஃபேன் தொல்லை இதற்கும் உண்டு. முதல் சென்சாராக இது வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பிஐஆர் வாங்குங்கள். முக்கால்வாசி இடங்களுக்கு அது போதும்.

மூன்றாம் படி: கோணமும் உயரமும்

சுவரில் மாட்டுவது பொதுவாக 120 அல்லது 180 டிகிரி பார்க்கும். கூரையில் மாட்டுவது 360 டிகிரி. மூலையிலிருந்து ஓர் அறையையோ முற்றத்தையோ பார்க்க வேண்டும் என்றால் 120 போதும். நீளமான சுவரின் நடுவில் மாட்டினால் 180. அறை நடுவிலோ போர்டிகோ கூரையிலோ என்றால் 360.

பெட்டியில் 6 மீட்டர் என்று போட்டிருந்தால் அது ஆரமா விட்டமா என்று கேட்டுப் பாருங்கள். கூரை மாதிரிகளில் இரண்டு விதமாகவும் அச்சிடுகிறார்கள். தவறாகப் புரிந்துகொண்டால் அறையின் ஓரங்கள் விட்டுப்போகும். சுவர் மாதிரியைத் தரையிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் வைப்பது வழக்கம். அதற்கு மேலே போனால் நேர் கீழே நடப்பவரைத் தவறவிடும், கீழே வந்தால் பூனையும் நாயும் ஆளாகிவிடும்.

இடத்தைத் தீர்மானிக்கும்போது, ஆள் சென்சாரின் பார்வையைக் குறுக்கே வெட்டி நடக்கும்படி வையுங்கள். வாசலில் கேட்டிலிருந்து கதவுக்கு நேர்வழி இருந்தால், கதவுக்கு மேலே மாட்டுவதைவிடப் பக்கவாட்டுச் சுவரில் மாட்டுவது மேல். படிக்கட்டில் முதல் படியில் கால் வைக்கும் முன்பே விளக்கு எரிய வேண்டும், மேலிருந்து இறங்குகிறவருக்கும் அப்படியே. திரும்பி ஏறும் படிக்கட்டு என்றால் ஒரு சென்சாரால் இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியாது. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வைத்து ஒரே விளக்கோடு இணைக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது: இரண்டு சென்சாரும் ஒரே ஃபேஸில், ஒரே சர்க்யூட்டில் இருந்தாக வேண்டும். கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மேல்தளம் வேறு ஃபேஸ் என்றிருந்தால் இரண்டும் சேர்ந்து எரியும் நொடியில் ஷார்ட் ஆகிவிடும். எலக்ட்ரீஷியனிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்சார் விளக்கு உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். இரவில் கழிவறைக்கு எழும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வேண்டியது பளிச்சென்ற ட்யூப் லைட் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்தவர் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் கண் கூசி ஒரு நிமிடம் எதுவும் தெரியாது, திரும்பி வந்தால் தூக்கமும் வராது. தரையில் விழும் மங்கலான மஞ்சள் வெளிச்சமே தேவை. 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட சிறிய விளக்கைப் பார்த்து வாங்குங்கள்.

கட்டிலுக்கு அடியில், தரையைப் பார்த்தபடி ஒரு சென்சார் பட்டை விளக்கை ஒட்டினால், கால் தரையில் பட்டதும் எரியும். படுக்கையில் புரண்டால் எரியாது, பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணிலும் அடிக்காது. அடுத்தது கழிவறைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்தில் ஒன்று. வாசற்படி, ஒரு படி இறக்கம், ஈரமான இடம் ஆகியவற்றுக்கு நேரே வெளிச்சம் விழட்டும். இவற்றுக்கு யூஎஸ்பியில் சார்ஜ் செய்யும் காந்த விளக்குகளே போதும், ஒயர் இழுக்க வேண்டாம். சார்ஜ் செய்ய வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். சார்ஜ் தீர்ந்த நாளில், விளக்கு எரியும் என்று நம்பி நடப்பவர்தான் விழுவார். பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால் அதில் செருகும் வகையை வாங்குங்கள், அந்தக் கவலையே இல்லை.

கழிவறைக்குள் வைப்பதென்றால் அணையும் நேரத்தைத் தாராளமாக 10 நிமிடத்துக்கு வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அணைந்துவிட்டால் கையை ஆட்டச் சொல்வது முதியவருக்குச் சொல்லும் யோசனை அல்ல. கதவு உள்பக்கம் திறந்தால் அது சென்சாரை மறைக்கிறதா என்று பாருங்கள். குளிக்கும் பகுதியைக் கண்ணாடி போட்டுப் பிரித்திருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரைப் பிஐஆர் பார்க்காது. தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் கீஸருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

நான்காம் படி: வெளியே மாட்டுவதற்கு

தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபி 20 என்றால் வீட்டுக்குள் மட்டும். மேலே கூரை நீட்டிக்கொண்டு மழை நேரே படாத போர்டிகோவுக்கு ஐபி 44 போதும். வடகிழக்குப் பருவமழை சாய்ந்தடிக்கும் சுவருக்கும் மொட்டை மாடிக்கும் ஐபி 65 வாங்குங்கள். ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் இறங்காது, எறும்பு கூடு கட்டுவதைத் தடுக்க அந்தத் துளையைச் சிலிகான் வைத்து அடையுங்கள். கடற்கரை ஊர்களில் திருகு ஆணிகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

ஏசியின் வெளி யூனிட், சமையலறைப் புகைபோக்கி, உச்சி வெயிலில் சூடேறிய தகரக் கூரை ஆகியவற்றைப் பார்த்தபடி பிஐஆரை வைக்காதீர்கள். முருங்கையும் வாழையும் காற்றில் ஆடும் பக்கமும் வேண்டாம். தெருவில் போகும் வண்டிக்கெல்லாம் எரிகிறதென்றால் சென்சாரைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். அதுவும் போதவில்லை என்றால், குமிழில் தெருப்பக்கம் உள்ள கட்டங்களின் மேல் இன்சுலேஷன் டேப் சிறிது ஒட்டுங்கள். ஒட்டிய பகுதியை அது பார்க்காது. கூடவே சில மாதிரிகளில் மறைப்பான் துண்டு ஒன்று வரும், அதுவும் இதற்குத்தான்.

ஒயர் இழுக்க முடியாத கொல்லைக்கோ தோட்டத்துக்கோ சோலார் சென்சார் விளக்கு இருக்கிறது. அதன் தகடு நாளில் பெரும்பகுதி வெயில் பார்க்க வேண்டும். மா மர நிழலில் மாட்டினால் இரவு பத்து மணிக்கே ஓய்ந்துவிடும். ஆள் வந்தால் மட்டும் எரியும் முறையில் வைத்தால் மழைக்காலத்திலும் தாக்குப்பிடிக்கும்.

ஐந்தாம் படி: உங்கள் ஒயரிங்குக்குப் பொருந்துமா

பெரும்பாலான சென்சார்களுக்கு மூன்று ஒயர் தேவை: உள்ளே வரும் ஃபேஸ், நியூட்ரல், விளக்குக்குப் போகும் ஃபேஸ். நம் வீட்டுச் சுவிட்ச் போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் என்றால் பெரும்பாலும் இருக்காது, நியூட்ரல் நேராக விளக்குக்குப் போயிருக்கும். அந்த மாதிரி இடத்தில் சென்சாரை விளக்குக்குப் பக்கத்திலேயே மாட்டுவது எளிது. நியூட்ரல் வேண்டாத இரண்டு ஒயர் மாதிரிகள் உண்டு, ஆனால் சிறிய எல்இடி பல்போடு அவை சேர்ந்தால் அணைந்த பிறகும் பல்பு மங்கலாக எரியும் அல்லது சிமிட்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். நம் வீடுகளில் சிவப்பு என்றால் ஃபேஸ். சந்தையில் வரும் பல சென்சார்களில் பழுப்புதான் உள்ளே வரும் ஃபேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. சிவப்போடு சிவப்பைச் சேர்த்துவிட்டு, சென்சார் செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பெட்டியில் உள்ள படத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். வேலை தொடங்கும் முன் அந்தச் சர்க்யூட்டுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பெட்டியில் 1200 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது பழைய குண்டு பல்புக் கணக்கு. எல்இடிக்கு எவ்வளவு என்று அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், பல மாதிரிகளில் அது நான்கில் ஒரு பங்குதான். எல்இடி எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதிகம், அது ரிலேயின், அதாவது உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்சின், முனைகளை ஒட்டவைத்துவிடும். பிறகு விளக்கு அணையவே அணையாது. பழைய சிஎஃப்எல் பல்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், அடிக்கடி எரிந்து அணைந்தால் அது சீக்கிரம் போய்விடும்.

சென்சாரைத் தாண்டிச் செல்லும் தனிச் சுவிட்ச் ஒன்றை அவசியம் போடச் சொல்லுங்கள். விருந்தினர் வந்திருக்கும் நாளிலும், போர்டிகோவில் வண்டியைக் கழற்றி வேலை பார்க்கும்போதும், சென்சார் பழுதான அன்றும் அந்தச் சுவிட்ச்சைப் போட்டால் விளக்கு நிலையாக எரியும்.

வாடகை வீடு என்றால் ஹோல்டரில் மாட்டும் சென்சார் பல்பே போதும். அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டுவதென்றால் மட்டும் ரேடார் பல்பு வாங்குங்கள், பிஐஆர் பல்பு கூண்டுக்குள் குருடு. வழக்கமான சுவிட்சை எப்போதும் போட்டே வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

ஆறாம் படி: மாட்டிய பிறகு சரிசெய்வது

பெரும்பாலான சென்சார்களின் அடியிலோ பின்னாலோ இரண்டு மூன்று சிறிய திருகுகள் இருக்கும். ஒன்று நேரம், ஒன்று லக்ஸ் எனப்படும் வெளிச்ச அளவு, சிலவற்றில் தூரத்துக்கு ஒன்று. மின்சாரம் கொடுத்ததும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை அது தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும், அதுவரை தானாக எரிந்து அணைவது இயல்பு.

சோதிப்பது பகலிலேயே முடியும். வெளிச்சத் திருகைச் சூரியன் படம் பக்கம் முழுவதும் திருப்புங்கள், நேரத்தைக் குறைந்தபட்சத்துக்கு வையுங்கள். இப்போது ஒருவர் வெவ்வேறு வழியில் நடக்கட்டும், எங்கே எரிகிறது என்று தரையில் குறியுங்கள். வேகமாகவும் மெதுவாகவும் நடந்து பாருங்கள், வீட்டில் முதியவர் இருந்தால் அவரையே நடக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லை சரியானதும் நேரத்தை மாற்றுங்கள். நடைக்கும் படிக்கட்டுக்கும் ஒன்று இரண்டு நிமிடம், போர்டிகோவுக்கு மூன்று நிமிடம் போல வைக்கலாம். வெளிச்சத் திருகை மாலையில், விளக்கு தேவை என்று உங்களுக்கே தோன்றும் நேரத்தில் நின்றுகொண்டு, நிலாப் படத்திலிருந்து மெல்லத் திருப்பி, விளக்கு எரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

பிரச்சினை வந்தால்

விளக்கு விடாமல் மாறி மாறி எரிந்து அணைகிறது என்றால், பெரும்பாலும் அதன் வெளிச்சம் சென்சார் மேலேயே விழுகிறது. பகல் வந்துவிட்டது என்று அணைக்கும், இருட்டானதும் மறுபடி எரியவைக்கும். விளக்கைத் திருப்புங்கள் அல்லது சென்சாரை நகர்த்துங்கள். ஆளே இல்லாமல் எரிந்தால் முதலில் குமிழைப் பாருங்கள். பல்லி அதன் மேல் ஊர்ந்தாலோ சிலந்தி கூடு கட்டினாலோ போதும். விளக்கைத் தேடி வரும் பூச்சிக்குப் பின்னால் பல்லி வருவது உறுதி, அதனால் சென்சாரையும் விளக்கையும் ஒரு முழமாவது தள்ளி வைப்பது நல்லது. பிடிக்கும் தூரம் படிப்படியாகக் குறைந்தால் ஈரத்துணியால் குமிழைத் துடையுங்கள், தின்னர் போன்றவை வேண்டாம், பிளாஸ்டிக் மங்கிவிடும்.

சில ஆண்டுகள் நன்றாக உழைத்த சென்சார் திடீரென்று டிக் டிக்கென்று சத்தம் போட்டு விளக்கைச் சிமிட்டினால், உள்ளே மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர் அதைக் குறைந்த செலவில் மாற்றித் தருவார், பழைய இடத்திலேயே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.